இன்னும்கொஞ்சம் சார்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் ஒன்றின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வெளியே ஸ்கூல் வேனின் ஹாரன் கேட்டது. தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் திரும்பவில்லை. அது நாத்தனாரின் வேன். காலையும் மாலையும் ஹாரன் அடித்தே பிள்ளைகளை வீட்டுக்குள்ளிருந்து வரவழைத்துப் பழகியவள், பெரியவர்களையும் அப்படித்தான் அழைப்பாள்.

அன்று அவளுக்கு அரை நாள் வேலை. இயந்திரத்தின் தண்ணீரை நிறுத்தினாள். லென்ஸைத் துணியால் ஒற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஃப்ரேமுக்குள் அழுத்தினாள். 'டிக்' என்று உட்கார்ந்தது. யாரோ ஒருவருக்கு இனிமேல் எழுத்து தெளிவாகத் தெரியும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் ஓடும். இப்போது சத்தம் மட்டும் கேட்டது.

கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வேலைக்குக் கிளம்பியவர், ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார், நிமிரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. வந்தவர்கள் தைரியசாலி என்றார்கள். வாசலைத் தாண்டியதும் கல்நெஞ்சுக்காரி என்றும் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாதே, அப்படி இருந்தாள். சமைத்தாள், சாப்பிட்டாள், வேலைக்கு வந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

"ஏறுங்க அண்ணி," என்றாள் நாத்தனார், வேனின் கதவைத் திறந்துவிட்டு. "இன்னைக்கு உங்க வீட்டுச் சமையல் வேண்டாம். பெரிய சாப்பாட்டு ஹாலுக்குப் போறோம்."

"எதுக்கு?"

"எதுக்குப் போவாங்க? சாப்பிடத்தான். சுவரைப் பாக்கவா?"

கணவரின் ஒரே தங்கை அவள். அண்ணன் போனதிலிருந்து வாரம் தவறாமல் வந்துவிடுவாள். எதையாவது வாங்கி வருவாள், அண்ணி சாப்பிடுகிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், போகும்போது பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அண்ணன் இருந்த காலத்தில் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காதவள். இந்தப் பாசம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று அண்ணி யோசிக்கவில்லை. யோசிக்கிற பழக்கமும் ஷூ நாடாவோடு அன்றைக்கே நின்றுபோயிருந்தது.

வேனின் பின்பக்கம் பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டுகொண்டே வந்தது. எந்த ஹால் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பழைய பஸ் டெப்போவை இடித்துக் கட்டிய அந்த ஹாலில்தான் கணவர் கடைசியாக வேலை செய்தார். சமையலறைப் புகையை வெளியே இழுக்கும் பெரிய தகரக் குழாய்களைப் பொருத்துவது அவர் தொழில். அங்கே கடை போட வந்தவர்கள் பலரும் ஆசியாவின் பல மூலைகளைச் சேர்ந்தவர்கள். "ஒரே கூரைக்குக் கீழ அத்தனை நாட்டு அடுப்பு எரியப்போகுது, அத்தனை புகையும் என் குழாய் வழியாத்தான் போகணும்," என்று சாப்பிடும்போது சொல்வார். திறப்பு விழாவுக்கு முன்பே போய்விட்டார்.

உள்ளே நுழைந்ததும் சத்தம் முகத்தில் அடித்தது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் மர மேசைகள். தலைக்கு மேலே குழாய்கள் வெள்ளியாக மின்னிக்கொண்டு போயின. நாத்தனார் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி நன்றாகப் பார்த்தாள். இணைப்புகள் நேராக இருந்தன. மூலையில் திரும்புகிற இடத்தில்கூட ஒரு நசுங்கல் இல்லை. நல்ல வேலை என்று தோன்றியது. யாரோ செய்த நல்ல வேலை.

"இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம்," என்றாள் நாத்தனார். "வரிசையா ஒண்ணு விடாம. நான் காலையிலிருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம வந்திருக்கேன்."

முதல் கடையில் மூங்கில் கூடைகளை அடுக்கு அடுக்காக வைத்து மாவு உருண்டைகளை ஆவியில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். தோல் அவ்வளவு மெல்லியது. உள்ளே இருந்த கீரையின் பச்சை வெளியே தெரிந்தது. நாத்தனார் ஒன்றை அப்படியே வாயில் போட்டுவிட்டு, சூடு தாங்காமல் வாயைத் திறந்தபடி கையால் விசிறிக்கொண்டாள்.

"எப்படி அண்ணி?"

"சூடா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? ருசி?"

"நல்லா இருக்கு."

நாத்தனாருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டைப் பார்க்கிற அம்மாவைப் போல அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த கடையில் பச்சைப் பப்பாளியைச் சீவி, மிளகாயும் எலுமிச்சையும் போட்டு உரலில் இடித்துக் கொடுத்தார்கள். இடித்தவர் இவர்களைப் பார்த்து, "காரம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"நீங்க வீட்டுல சாப்பிடுற மாதிரி போடுங்க. நாங்க காரத்துக்குப் பயப்படுற ஆளுங்க இல்ல," என்று நாத்தனார் பெரிதாகச் சொல்லிவிட்டாள். இரண்டாவது வாயிலேயே கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே தண்ணீரை நீட்டினார். அண்ணி மெல்ல மென்று தட்டைக் காலி செய்தாள். நாக்கு எரிந்தது. யாருடைய நாக்கோ எரிவதாகத் தூரத்திலிருந்து தகவல் வந்தது போல இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையா?" என்றாள் நாத்தனார் மூக்கை உறிஞ்சியபடி.

"காரமாத்தான் இருந்துச்சு."

அவள் நாக்குக்கு இன்னொரு கதையும் உண்டு. போன வருஷம் டாக்டர் கணவரைப் பரிசோதித்துவிட்டு, உப்பைக் கையால் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் உப்பு ஜாடி அலமாரியின் மேல் தட்டுக்குப் போனது. அவருக்குத் தனியாக, தனக்குத் தனியாக என்று சமைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து உப்பில்லாததைத் தின்னும்போது, தான் மட்டும் ருசித்துச் சாப்பிட முடியுமா? இரண்டு பேரும் சேர்ந்தே ஒரு வருஷம் உப்புச்சப்பில்லாமல் சாப்பிட்டார்கள். "பழகிடும்," என்று இவள் சொல்வாள். "பழகிடுச்சு," என்று அவர் சொல்வார். அவர் அவ்வளவு சமர்த்தாகச் சாப்பிடுவதைப் பார்த்து இவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் போன பிறகும் ஜாடி கீழே இறங்கவில்லை.

ஒரே ஒரு நாள் அவள் தவறினாள். உருளைக்கிழங்கைப் பொன்னிறமாக வறுத்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தரச்சொல்லிச் சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். கொடுத்தாள். தட்டை வழித்துச் சாப்பிட்டார். மறுநாள் காலையில்தான் ஷூவுக்குக் குனிந்தார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் அவர் என்ன சொன்னாலும் தாங்க முடியாது என்று தெரியும். அந்தத் தட்டுக்கு மேல் எல்லாவற்றையும் போட்டு மூடி, மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். அழுவதென்றால் அங்கிருந்து எழுந்திருக்க வேண்டும்.

கூட்டம் ஏறிக்கொண்டே போனது. நாத்தனார் ஒரு கடையில் அரிசித் தாளில் சுருட்டிய காய்கறி வாங்கினாள், இன்னொன்றில் இரும்புக் கல்லில் வாட்டிய மீன். தின்றுகொண்டே ஒவ்வொரு கடைக்கும் தீர்ப்புச் சொன்னாள். இது தேறும், இது பள்ளிக்கூடத்துக் கேன்டீன், இவன் கைக்குத் தங்க வளையல் போடலாம். ஆனால் கூடத்தின் கடைசிக்கு வந்ததும் அவள் கால் தயங்கியது.

"போதும் அண்ணி. அந்தக் கோடி வெறும் நூடுல்ஸ்தான். திரும்பிடலாம்."

"அங்கதான் உக்கார இடம் இருக்கு," என்றாள் அண்ணி. உண்மையாகவே அவளுக்குக் கால் வலித்தது. நாத்தனார் முழங்கையைப் பிடிப்பதற்குள் போய், கோடியில் இருந்த கடையின் முன் காலியாகக் கிடந்த மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

சூப்பில் நூடுல்ஸ் போட்டுக் கொடுக்கும் கடை அது. பெரிய அண்டாவில் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. குட்டையான, வலுவான தோள்களோடு ஒரு அம்மாள் கரண்டியும் கையுமாக நின்றாள். மொழியைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவள் போலிருந்தது. நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் முழுக்கச் சிரிப்பானது.

"நீங்க! தங்கச்சி! இன்னும்கொஞ்சம் சார் தங்கச்சி!"

நாத்தனார் கையை ஆட்டினாள். வேண்டாம் என்பதற்கும் வணக்கம் என்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று.

"சார் எங்க? கடை தொறந்து எவ்வளவு நாள், சார் வரவே இல்ல?"

"யாரு சார்?" என்றாள் அண்ணி.

அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள். கரண்டியால் மேலே இருந்த குழாயைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். கட்டட வேலை நடந்தபோது இந்தக் கடைக்குத்தான் முதலில் அடுப்பு வந்ததாம். ருசி பார்க்க ஆள் இல்லாமல், தினமும் சூப் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பாளாம். குழாய்க்காரருக்கு அதன் மேல் உயிராம். ஏணியிலிருந்து இறங்கி வருவாராம், கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடிப்பாராம்.

"எனக்கு அப்ப உங்க பாஷை தெரியாது. அவர் தினம் ஒரே வார்த்தை சொல்வார், 'இன்னும் கொஞ்சம்'. நான் முதல்ல கத்துக்கிட்ட வார்த்தை அதுதான். அவர் பேருன்னு நெனச்சுட்டேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "சூப் ஊத்தினா இன்னும் கொஞ்சம். சோயா சாஸ் ஊத்தினா இன்னும் கொஞ்சம். ஊறுகாய் வெச்சா இன்னும் கொஞ்சம்."

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் மேசையில் இருந்த குச்சிகளை எடுத்து நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீயும் வந்தியா?"

"ரெண்டு மூணு தடவை," என்றாள் நாத்தனார், தலை நிமிராமல். "ட்ரிப்புக்கு நடுவுல. அண்ணன்தான் கூப்பிட்டுச்சு. 'வா, ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், அண்ணிகிட்ட மூச்சு விடாத'ன்னு."

"தினமுமா குடிச்சாரு?"

நாத்தனார் அடுக்கிய குச்சிகளைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

அந்த அம்மாளுக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்திருக்க வேண்டும். கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "சார் வேற ஊருக்குப் போயிட்டாரா?"

"அண்ணன் தவறிடுச்சு," என்றாள் நாத்தனார். "இவங்க அவர் சம்சாரம்."

அந்த அம்மாள் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, ஈரக் கையோடு அண்ணியின் பக்கத்தில் நின்றாள். தொடலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எப்படி? மேலேருந்து விழுந்தாரா?"

"இல்ல, அவருக்கு ஹார்ட்டு. டாக்டர் அவரை உப்பு..." என்று நாத்தனார் தொடங்கினாள்.

"தூக்கத்துல," என்றாள் அண்ணி.

நாத்தனார் அப்படியே நிறுத்தினாள்.

"தூங்கிட்டு இருந்தார். அப்படியே போயிட்டார். ஒரு கஷ்டமும் படல," என்றாள் அண்ணி மறுபடியும், லென்ஸைச் சோதித்துச் சொல்கிற அதே குரலில். எதற்காகச் சொன்னோம் என்று யோசிக்கவில்லை. ஒரு தட்டின் மேல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இந்த அம்மாளுக்கு அது வேண்டாம் என்று மட்டும் தோன்றியது.

அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் வைத்தாள். மேலே வெங்காயத்தாள், பாதியாக வெட்டிய முட்டை, ஓரத்தில் ஏதோ ஊறுகாய். "சார் சாப்பிட்ட மாதிரியே," என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டாள்.

அண்ணி கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள்.

உப்பு. நாக்கின் ஓரம், தாடை, காதுக்குக் கீழே, எல்லா இடத்திலும் உப்பு. ஒரு வருஷத்துக்கும் மேலாக அதை உணராத வாய் கூசிப்போனது. அவ்வளவு உப்பையும் தினமும் விழுங்கிவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு, சாயங்காலம் அவள் எதிரே உட்கார்ந்து, "பழகிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். அவளும் நம்பியிருக்கிறாள். அப்படியானால் ஒரு தட்டு உருளைக்கிழங்கு எந்த மூலைக்கு?

நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது என்று சொல்ல முடியாது. வீட்டைக் காலி செய்யும்போது பீரோவை நகர்த்தினால், அது இருந்த இடத்தில் சுவர் வேறு நிறமாக இருக்குமே, அதைப் பார்ப்பது போல இருந்தது. இத்தனை நாளும் அவரோடு அவளுக்கு மிச்சமிருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். இப்போது அதுவும் இல்லை.

கிண்ணத்தை முடித்தாள். ஊறுகாயையும் விடவில்லை.

வெளியே வந்து இருவரும் வேனில் ஏறினார்கள். நாத்தனார் சாவியைப் போட்டாள், திருகவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நான்தான் அண்ணி. நான் அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. சூப்பு நல்லா இருக்குன்னு நானும் சேந்து குடிச்சுட்டு... கடைசியா போனப்ப என் கிண்ணத்துல மிஞ்சினதையும் அண்ணனுக்கு ஊத்தினேன். உங்க மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் சொல்லணும்னு வரேன். வாய் வரல. அதான் இங்கயே கூட்டிட்டு வந்தேன். வந்தப்புறம் பயந்துட்டேன்."

வாராவாரம் பாத்திரம் கழுவியது எதற்கு என்று இப்போது அண்ணிக்குப் புரிந்தது. இவளும் ஒரு கிண்ணத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் முந்தின நாள் உருளைக்கிழங்கு வறுத்துக் குடுத்தேன்," என்றாள். "உப்புப் போட்டு."

நாத்தனார் முகத்தைத் தூக்கினாள். மூக்கு சிவந்திருந்தது. "ஒரு தட்டா?"

"ஒரு தட்டு."

"அதுக்கா நீங்க இப்படி..."

அண்ணி முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். யாரோ ஒரு தம்பதி கையில் பொட்டலத்தோடு நடந்து போனார்கள். அப்போது அவளுக்குள் எங்கோ ஒரு மூலையில், மரத்துப்போன கன்னத்தில் ஊசியின் வேகம் குறையும்போது முதலில் வருமே ஒரு குறுகுறுப்பு, அது வந்தது. அது துக்கம் இல்லை.

"ஒரு வருஷம்," என்றாள். "ஒரு வருஷம் என்னையும் உப்பில்லாம தின்ன வெச்சிருக்கான் உங்க அண்ணன்."

நாத்தனார் வாயைப் பிளந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணி தன் கணவரை 'அவர்', 'வந்தார்', 'போனார்' என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சண்டை போட்ட நாளில்கூட மரியாதை குறைந்ததில்லை.

"வெச்சிருக்கானா?"

"ஆமா. மடத்தனமா நானும் தின்னேன். எவனாவது என்னைப் பாத்து, நீ உப்புப் போட்டுத்தான் சாப்பிடுறியா, ரோஷம் இல்லையான்னு கேட்டிருந்தா, உப்பும் இல்ல, ரோஷமும் இல்லன்னு சொல்லியிருப்பேன்."

நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் மறுபடியும் அழுகையானது. அழுகை மறுபடியும் சிரிப்பானது. அண்ணி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. டேஷ்போர்டில் கிடந்த பழைய துணியை எடுத்து, தூசி தட்டி, நாத்தனாரிடம் கொடுத்தாள்.

பார்க்கிங்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "எடுக்கிறீங்களா? பின்னாடி வண்டி நிக்குது."

வேன் கிளம்பியது. வழியில் நாத்தனார், "பொய் சொன்னீங்களே அங்க, தூக்கத்துலன்னு," என்றாள்.

"சொன்னேன்."

"ஏன்?"

"அந்தம்மா நாளைக்கும் சூப்பு வைக்கணும்ல."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது நாத்தனார் உள்ளே வரவில்லை, ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது. கோபமா என்று கேட்டாள். தெரியவில்லை என்றாள் அண்ணி. இருந்தால் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னாள்.

கதவைத் திறந்து உள்ளே போனாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தாகம் எடுத்தது. நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். போதவில்லை. இன்னொன்று குடித்தாள். தொண்டை கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் சொம்பையே தூக்கி, கழுத்திலும் சட்டையிலும் வழிய வழியக் குடித்துவிட்டு, ஈரத்தோடு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தாகம் எடுத்தது. எழுந்து போய்க் குடித்தாள்.